நான்காவது காலின் கணக்கு

துணியைப் புரட்டிப் புரட்டித் துவைக்கும் நேரம் முழுக்க வாஷிங் மெஷின் பரம சாதுவாக இருக்கிறது. துணியும் தண்ணீருமாக அதற்குள் பாரம் அதிகம் இருப்பதும் அப்போதுதான். தண்ணீரையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, பாரம் குறைந்த பிறகு, கடைசியில் பிழியத் தொடங்கும்போது சாமியாடுகிறது. சில வீடுகளில் நின்ற இடத்தைவிட்டு ஒரு சாண் நகர்ந்து, தண்ணீர்க் குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாரம் குறைந்தால் ஆட்டமும் குறைய வேண்டாமா? பழுது பார்க்க வருபவர் பெரும்பாலும் மோட்டாரைத் தொடுவதில்லை. குனிந்து காலைத் திருகுகிறார்; மேல்மூடியில் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார்; குமிழி நடுவுக்கு வந்ததும் "லெவல் ஆயிடுச்சு" என்று சொல்லிக் கிளம்புகிறார். பல வீடுகளில் ஆட்டம் அடங்கிவிடுகிறது. சில வீடுகளில், குமிழி அசையாமல் நடுவில் நிற்க, மெஷின் மட்டும் முன்போலவே குதிக்கிறது.

குமிழி சரியாக இருந்தும் அடங்காத அந்த மெஷின்கள் ஒன்றைக் காட்டிக்கொடுக்கின்றன. மெஷின் மட்டமாக நிற்பது வேறு, உறுதியாக நிற்பது வேறு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றென நினைத்துவிடுகிறோம். ஆட்டத்துக்கு மருந்து உறுதிதான்; மட்டம் அதற்குத் துணை. ஏன் என்று எண்களோடு பார்ப்போம்.

இருநூறு கிராமின் வேலை

முன்பக்கக் கதவுள்ள மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிரம்மின் விட்டம் 48 சென்டிமீட்டர். அச்சிலிருந்து ஓரத்துக்கு 24. துணி எப்போதும் டிரம்முக்குள் சீராகப் பரவுவதில்லை. ஈரத் துண்டு ஒன்று சுருண்டு ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் எதிர்ப்பக்கத்தைவிட 200 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒருபக்கக் கூடுதலைச் சமனின்மை என்று அழைக்கலாம். துவைக்கும்போது டிரம் நிமிடத்துக்கு 50 சுற்று போலத்தான் சுழல்கிறது. அந்த வேகத்தில் 200 கிராம் துணி டிரம்மை வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 135 கிராம் எடைக்குச் சமம். மெஷின் அதை உணரவே உணராது.

பிழியும்போது அதே டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்று போகிறது, அதாவது நொடிக்கு 20. வேகம் 24 மடங்கு ஏறியிருக்கிறது. சுழலும் பொருளின் இழுவிசை வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கு ஏறுகிறது. 24 மடங்கு வேகம் என்றால் 576 மடங்கு விசை. 135 கிராமை 576 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 77 கிலோவைத் தாண்டுகிறது. ஓர் ஈரத் துண்டின் மிச்சம், வளர்ந்த மனிதர் ஒருவரின் எடையாகி, நொடிக்கு 20 முறை மேலும் பக்கவாட்டிலும் கீழுமாகத் திசை மாற்றி மாற்றி இழுக்கிறது. தண்ணீரின் பாரம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தைத் தீர்மானிப்பது மொத்தப் பாரம் அல்ல, ஒருபக்கமாக நிற்கும் பாரமும் வேகமும்தான். துவைக்கும்போது சாது, பிழியும்போது சாமியாட்டம் என்ற புதிருக்கு விடை அவ்வளவே.

77 கிலோ காலுக்கு வராதது ஏன்

இந்த 77 கிலோவும் அப்படியே தரைக்கு இறங்கினால் எந்தக் காலும் தாங்காது. இறங்காமல் பார்த்துக்கொள்வதற்காகவே டிரம்மைச் சுமக்கும் தொட்டியை மெஷினின் கூட்டோடு நேரடியாகப் பிணைப்பதில்லை. மேலே ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டு, கீழே அதிர்வடக்கிகளால், அதாவது மெக்கானிக்குகள் ஷாக் அப்சார்பர் என்று சொல்லும் தண்டுகளால், தாங்கிப் பிடிக்கிறார்கள். தொட்டியோடு கான்கிரீட் கட்டி ஒன்றையும் பூட்டுகிறார்கள். மெஷினைத் தூக்கிப் பார்த்தவர்கள் மலைத்துப்போகும் அந்தக் கனத்தில் நல்ல பங்கு இந்தக் கான்கிரீட்டுடையது. வேண்டுமென்றே சேர்த்த கனம் அது. தொட்டி, டிரம், மோட்டார், கான்கிரீட், துணி எல்லாம் சேர்த்து 40 கிலோ என்று கொண்டால், 24 சென்டிமீட்டர் தள்ளிச் சுழலும் 200 கிராமுக்கு ஈடுகட்ட அந்த 40 கிலோ 1.2 மில்லிமீட்டர் எதிர்ப்பக்கம் விலகினால் போதும். தொட்டி அந்தச் சிறு வட்டத்தில் நடுங்கிக்கொண்டே சுழலும். கூட்டுக்கு வந்து சேர்வது ஸ்பிரிங் 1.2 மில்லிமீட்டர் இழுபடும் விசையும் அதிர்வடக்கியின் உராய்வும்தான். ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டியைத் தள்ளிவிட்டால் நொடிக்கு மூன்று முறை ஆடும் என்று கொண்டு கணக்கிட்டால், ஸ்பிரிங்கின் பங்கு 2 கிலோ எடைக்கும் கீழேதான் வருகிறது.

ஆனால் முழு வேகத்தை எட்டும் வழியில் ஒரு கண்டம் இருக்கிறது. டிரம்மின் சுழற்சி, தொட்டி இயல்பாக ஆடும் அந்த நொடிக்கு மூன்று என்ற வேகத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு தள்ளலும் ஏற்கெனவே இருக்கும் ஆட்டத்தோடு கைகோத்துக்கொள்கிறது. இதுதான் ஒத்ததிர்வு. அந்தச் சில நொடிகளில் தொட்டி ஒரு சென்டிமீட்டர் வரை விலகி ஆடலாம். அப்போது கூட்டுக்குச் செல்லும் விசை 14 கிலோவைத் தொடும். பிழிதல் தொடங்கியதும் மெஷின் ஒருமுறை உடலை உலுக்கிக்கொண்டு பிறகு நிதானப்படுவது இதனால்தான். ஆக, கால்கள் சந்திக்க வேண்டியவை இரண்டு: தொடக்கத்தில் சில நொடி 14 கிலோ அளவிலான உலுக்கல், பிறகு நெடுநேரம் சில கிலோ அளவிலான வேகமான நடுக்கம்.

ஒரு கால் குட்டையானால் இரண்டு கால் சும்மா இருக்கும்

மெஷினின் எடை 64 கிலோ. நான்கு கால்கள் ஒரு சதுரத்தின் மூலைகளில் இருக்கின்றன. எடையின் மையம் சதுரத்தின் நடுவில். நான்கும் சமமாகத் தாங்கினால் ஆளுக்கு 16 கிலோ. இப்போது முன்பக்க வலது கால் மட்டும் ஒரு மில்லிமீட்டர் குட்டை என்று வைப்போம். அது தரையைத் தொடவில்லை. மிச்சம் மூன்று கால்கள் 64 கிலோவை எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும்? ஆளுக்கு இருபத்தொரு கிலோ சொச்சம் என்று சொல்லத் தோன்றும். அது தவறு.

முன் இடது காலையும் பின் வலது காலையும் இணைத்து ஒரு மூலைவிட்டக் கோடு வரையுங்கள். எடையின் மையம் சரியாக அந்தக் கோட்டின் மேல் இருக்கிறது. கோட்டின் ஒரு பக்கம் பின் இடது கால். அது மேல்நோக்கிச் சிறிது தாங்கினாலும் மெஷின் கோட்டின் மறுபக்கம், முன் வலது மூலையை நோக்கிச் சாய்ந்துவிடும். அந்தப் பக்கம் பிடித்து நிறுத்தக் கால் இல்லை. எனவே பின் இடது கால் எதையும் தாங்க முடியாது. அதன் பங்கு சுழியம். மூலைவிட்டத்தின் இரு கால்களும் ஆளுக்கு 32 கிலோ சுமக்கின்றன. குட்டையானது ஒரு கால்தான். ஆனால் அதற்கு எதிர் மூலையில் உள்ள, அளவில் எந்தக் குறையும் இல்லாத காலும் வேலையிழந்துவிட்டது. 64 கிலோ இயந்திரம் ஒரு கோட்டின் மேல் நிற்கிறது. கோட்டின் மேல் நிற்கும் பொருளைச் சாய்க்க விரல் போதும். சில கிலோ நடுக்கம் நொடிக்கு 20 முறை வந்தால் சும்மா இருக்கும் இரண்டு கால்களும் மாறி மாறித் தரையை அறையும். கேட்கும் 'டகடக' சத்தம் அதுதான்.

தகரக் கூடு கல் அல்லவே, தன் கனத்தாலேயே சற்று முறுக்கிக்கொண்டு நான்காவது காலையும் தரையில் இறக்கிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. ஆனால் தொடுவது என்பது தாங்குவது அல்ல. கூடு முறுக்கிக்கொண்டதால் குட்டைக் கால் 3 கிலோ தாங்குகிறது என்று வைப்போம். எதிர் மூலைக் காலும் அதே 3 கிலோதான் தாங்கும். மற்ற இரண்டும் ஆளுக்கு 29. கூட்டிப் பார்த்தால் 64 சரியாக வருகிறது. 16, 16 என்று பங்கிட்டாலும் 64. 32, 0 என்று பங்கிட்டாலும் 64. மூன்று கால் முக்காலியில் ஒவ்வொரு காலின் பங்கும் எடையின் மையம் எங்கே என்பதை வைத்தே முடிவாகிவிடும். நான்கு கால் வந்ததும் எடையும் சமநிலையும் மட்டும் பதில் சொல்லப் போதாது. தரையும் கூடும் எவ்வளவு விட்டுக்கொடுக்கின்றன என்பதும் தெரிய வேண்டும். கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர் இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். அது 1774இல் அச்சானது. தரை சிறிதளவு அமுங்கும் என்று வைத்துக்கொண்ட பிறகே அவரால் விடைக்கு வர முடிந்தது.

உண்மையான மெஷினில் எடையின் மையம் நட்டநடுவில் இருக்காது; மோட்டாரும் கான்கிரீட்டும் அதைக் கொஞ்சம் தள்ளிவிடும். அதனால் எண்கள் சற்று மாறும், கதை மாறாது. காலில் 16 கிலோ ஏறியிருந்தால் 14 கிலோ உலுக்கல் முழுதும் ஒரே மூலையில் இறங்கினாலும் அது தரையை விடாது. 3 கிலோ மட்டும் ஏறியிருந்தால் சாதாரண நடுக்கமே தூக்கிவிடும். தரையை விட்ட காலுக்கு உராய்வு இல்லை. அந்தக் கணத்தில் மெஷின் மற்றக் கால்களைப் பிடித்துக்கொண்டு சற்றே திரும்பி, வேறிடத்தில் காலை ஊன்றும். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நகர்ந்தாலும் நொடிக்கு 20 முறை என்றால் ஒரு மில்லிமீட்டர். ஐந்து நிமிடத்தில் 30 சென்டிமீட்டர். மெஷின் 'நடந்து' வந்து குழாயை இழுத்த மர்மம் இவ்வளவுதான்.

குமிழிக்குத் தெரியாதது

ரசமட்டம் பிரான்சின் மெல்கிசெடெக் தெவெனோ 1661 வாக்கில் கண்டுபிடித்தது. சற்றே வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவமும் ஒரு காற்றுக் குமிழியும். குமிழி மிக உயர்ந்த புள்ளியைத் தேடிப் போகும். எளிமையான கருவி, ஏமாற்றாத கருவி. ஆனால் தான் படுத்திருக்கும் பரப்பு சாய்ந்திருக்கிறதா என்ற ஒரே கேள்விக்குத்தான் அது விடை சொல்லும். ஒரு பரப்பின் சாய்வை முடிவுசெய்ய மூன்று புள்ளிகள் போதும். எனவே மூன்று கால்களைத் திருகியே குமிழியை இரு திசையிலும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். நான்காவது கால் அந்தரத்தில் தொங்கினாலும் குமிழிக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு மேல்மூடி பல மெஷின்களில் பிளாஸ்டிக். லேசாகக் குழிந்தோ புடைத்தோ இருக்கும்.

சாய்வே இல்லாமல் இருப்பது ஆட்டத்துக்கு அவ்வளவு முக்கியம் இல்லை என்றால் அதற்கும் கணக்கு வேண்டும். நம் ஊர்க் குளியலறையிலும் சர்வீஸ் பால்கனியிலும் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். 60 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது நல்ல வாட்டம். அந்தச் சாய்வில் 64 கிலோ மெஷினைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 64இல் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். உலர்ந்த டைல்ஸ் மேல் ரப்பர்க் காலின் உராய்வோ எடையில் பாதி என்று கொண்டாலும் 32 கிலோ. ஒன்றுக்கு முப்பது. நான்கு காலும் நன்றாகப் பதிந்திருந்தால் இந்த வாட்டம் மெஷினைத் தானாக நகர்த்தவே முடியாது. பதியாத காலோடு குமிழி நடுவில் நிற்கும் மெஷினைவிட, லேசாகச் சாய்ந்தும் நான்கு காலையும் ஊன்றி நிற்கும் மெஷினே மேலானது என்று தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் தயாரிப்பாளர்களின் கையேடுகள் ரசமட்டத்தை ஏன் வலியுறுத்துகின்றன? வீண் சடங்கு அல்ல அது. மேலிருந்து துணி போடும் மெஷினில் தொட்டி நான்கு நீண்ட கம்பிகளில் தொங்குகிறது. கூடு சாய்ந்தாலும் கம்பிகள் நேர்க்குத்தாகவே தொங்க விரும்பும். கம்பி 50 சென்டிமீட்டர் என்றால், மேலே சொன்ன வாட்டத்தில் கூட்டின் மையத்திலிருந்து தொட்டி 8 மில்லிமீட்டருக்கு மேல் ஒதுங்கிவிடும். தொட்டிக்கும் கூட்டுக்கும் இடையில் விட்டிருப்பதே சில சென்டிமீட்டர்தான்; அதில் ஒரு பக்கம் குறைந்தால், ஒத்ததிர்வைக் கடக்கும்போது தொட்டி கூட்டை இடிக்கும். தொட்டிக்குள் துணியோடு சுழலும் கூடையின் மேல்விளிம்பில் உப்புநீர் அடைத்த வளையம் ஒன்றும் இந்த வகை மெஷின்களில் உண்டு. வேகம் கூடியதும் அந்த நீர் தானாகவே பாரத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று சமனின்மையைக் குறைக்கும். வேகம் குறைவாக இருக்கும்வரை சாய்ந்த வளையத்தில் நீர் பள்ளத்தில்தான் தேங்கும். ஆக மேல்கதவு மெஷினில் மட்டம் உண்மையாகவே தேவை. முன்கதவு மெஷினில் அந்த அளவுக்கு இல்லை. இரண்டிலும் மட்டம் பார்த்து முடித்ததோடு நிறுத்தினால் வேலை பாதிதான்.

திருகும் வரிசை

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிய பிறகே காலில் கை வைக்க வேண்டும். சாய்த்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். சுவரோடு தள்ளியபின் பின்கால்கள் எட்டாது என்பதால் அவற்றை முதலில் முடித்துவிட வேண்டும். எல்லாக் கால்களையும் முழுக்க உள்ளே திருகிவிட்டு, தேவைப்படும் கால்களை மட்டும் வெளியே எடுப்பது நல்லது. காரணம், வெளியே நீண்டு நிற்கும் கால் பக்கவாட்டு விசையில் வளையும். நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்கு. வாட்டத்தின் மேட்டுப் பக்கக் கால்கள் உள்ளேயே இருக்கட்டும், பள்ளத்துப் பக்கக் கால்கள் வெளியே வரட்டும். திருகின் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் உயர்த்துமானால், ஒரு சென்டிமீட்டர் வாட்டத்தை ஈடுகட்ட ஏழு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. பின்கால்களைத் திருக முடியாத மெஷினில் அடியில் அமுங்காத மெல்லிய தகடு வைக்கலாம். மடித்த அட்டை ஈரத்தில் ஊறி இரண்டே வாரத்தில் பழைய கதைக்குக் கொண்டுவந்துவிடும்.

குமிழி இரு திசையிலும் நடுவுக்கு வந்ததும்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. எதிரெதிர் மூலைகள் இரண்டில் உள்ளங்கைகளை வைத்து மாறி மாறி அழுத்துங்கள். பிறகு மற்ற மூலைவிட்டத்திலும். எங்காவது 'தடக்' என்றால் அந்த மூலைவிட்டத்தின் கால்கள் தாங்கவில்லை. அதைவிட நுட்பமான சோதனை விரல்களால் காலையே திருகிப் பார்ப்பது. சுமை ஏறிய கால் முரண்டு பிடிக்கும். சும்மா நிற்கும் கால் விரலுக்கே சுழலும். முரண்டு நான்கிலும் ஒரே மாதிரி ஆகும்வரை, தளர்ந்த காலைக் கால் சுற்று கால் சுற்றாகக் கீழே இறக்க வேண்டும். கால் சுற்று என்பது 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு. இங்கே ஆர்வக்கோளாறு ஆபத்து: கூடுதலாக இறக்கிவிட்டால் சுமை முழுதும் இந்த மூலைவிட்டத்துக்கு மாறி, அதுவரை தாங்கிய இரண்டு கால்கள் சும்மா ஆகிவிடும்.

கணிதப் பிரியர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். மேடுபள்ளமான தரையில் சதுர மேசையைச் சும்மா சுழற்றினாலே, கால்வட்டத்துக்குள், நான்கு காலும் பதியும் ஒரு நிலை கிடைத்துவிடும் என்று ஒரு தேற்றம் உண்டு. அழகான தேற்றம்தான். ஆனால் தரை படியாக எழாமல் மெல்ல ஏறி இறங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. டைல்ஸின் விளிம்புகள் ஒத்துழைப்பதில்லை. மெஷினுக்குப் பின்னால் சுவரும், பக்கத்தில் குழாயும் இருப்பதைக் கணிதம் கேட்டுக்கொண்டதும் இல்லை.

கடைசியாக லாக் நட். காலின் திருகில் கோத்திருக்கும் இந்த நட்டை மேல்நோக்கி, கூட்டின் அடிப்பாகத்தோடு ஒட்டும்படி இறுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். திருகுக்கும் அதன் துளைக்கும் இடையே எப்போதும் மயிரிழை இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் நடுங்கும் திருகு, அந்த இடைவெளியில் வழுக்கி வழுக்கித் தானாகவே கழன்றுவிடும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனைகளோடு காட்டினார். லாக் நட் அந்த இடைவெளியை அடைத்து, திருகை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்கிறது. அதை இறுக்காமல் விட்ட மெஷின், காலைச் சரியாக அமைத்திருந்தாலும், சில வாரத் துவைப்பில் தன் காலைத் தானே மாற்றியமைத்துக்கொள்ளும்.

ரப்பரும் ஸ்டாண்டும்

காலுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தால் தீராதா என்பது அடுத்த ஆட்சேபம். கீழ்வீட்டுக்காரர் காதுக்கு ரப்பர் நல்லது. சத்தம் தரைக்குள் இறங்குவதைக் குறைக்கும். வழுக்கும் தரையில் பிடிப்பும் தரும். சிறு உயர வேறுபாட்டை விழுங்கிச் சுமையைப் பகிரவும் செய்யும். ஆய்லர் தரையை அமுங்கவிட்டதும் இதற்காகத்தானே. ஆனால் மிருதுவான ரப்பர் மெஷினின் கூட்டையே ஸ்பிரிங் மேல் நிறுத்தியது போலாகிவிடும். கூடு இயல்பாக ஆடும் வேகம் கீழிறங்கி, பிழியும் வேகத்துக்கு அருகே வந்து நின்றால் அங்கே புதிதாக ஓர் ஒத்ததிர்வு. கடினமான, மெல்லிய ரப்பர் பரவாயில்லை. மெத்தென்று அமுங்கும் பஞ்சு வேண்டாம். சக்கரம் வைத்த ஸ்டாண்டுகளுக்கு இதே குறை இன்னும் பெரிதாக உண்டு: உயரம் கூடுகிறது, இணைப்புகள் கூடுகின்றன, ஒவ்வோர் இணைப்பும் நெளிகிறது. எலிக்கும் தண்ணீருக்கும் பயந்து ஸ்டாண்டு வாங்குபவர்கள் சக்கரம் இல்லாத, இறுக்கமாகப் பூட்டும் வகையைப் பார்ப்பது நல்லது. நான்கு கால் சோதனையை மெஷினுக்கும் ஸ்டாண்டுக்கும் தனித்தனியே செய்ய வேண்டியிருக்கும்.

காலைக் குறை சொல்ல முடியாத இடங்கள்

நான்கு காலும் தாங்கியும் மெஷின் அதிர்ந்தால் துணியை முதலில் பார்க்க வேண்டும். ஜமுக்காளம் ஒன்றை மட்டும் தனியே போட்டால் அது ஒரு பக்கமாக ஒதுங்கத்தான் செய்யும். 200 கிராம் அல்ல, சமனின்மை கிலோக்கணக்கில் போகும். புதிய மெஷின்கள் பிழியும் முன் மெதுவாகச் சுழன்று, மோட்டாரின் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து சமனின்மையை அளந்து, துணியை மறுபடி உதறிப் பரப்ப முயல்கின்றன. முடியாவிட்டால் பிழியவே மறுக்கின்றன. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். கடையிலிருந்து வந்த அன்றே முன்கதவு மெஷின் பயங்கரமாகக் குதித்தால், வண்டியில் வரும்போது தொட்டி அசையாமலிருக்கப் பின்பக்கம் பூட்டியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பார்க்க வேண்டும். அவை இருக்கும்வரை ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. 77 கிலோவும் நேரே கூட்டுக்கு வரும்.

மிச்சக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க, துணி எதுவும் போடாமல் பிழிதலை மட்டும் ஓடவிட்டால் போதும். காலி டிரம்மில் சமனின்மை அநேகமாக இல்லை. அப்போது மெஷின் அமைதியாக ஓடினால் குறை துணி போட்ட விதத்தில். காலியாகவும் உலுக்கினால், கால்களும் உறுதி என்றால், அதிர்வடக்கி தேய்ந்திருக்கலாம் அல்லது தொங்கல் ஸ்பிரிங் ஒன்று கழன்றிருக்கலாம். ஆட்டம் இல்லாமல் உறுமல் மட்டும் கேட்டு, வேகம் ஏற ஏற அதுவும் ஏறினால் பேரிங் போயிருக்கிறது. அதற்கு ஸ்பேனரும் ரசமட்டமும் உதவாது, மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.